நல்ல மார்க் எடுத்த பிள்ளைக்கு நல்ல கல்லூரி கிடைக்குமா? எல்லைப்புறத்துப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற எங்கள் தமிழ் ஊர்களில் மே மாதம் பிறந்துவிட்டால் பெற்றோர் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஏனுங்க சார், புள்ளை பத்தாவதுல ஃபுல் ஏ பிளஸ், ஸ்கூல்லயே முதல் ஆளு, ஐஐடி கெடைச்சிருமுங்களா?" ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர்கள் சொல்கிற மார்க்கும் இடம் கொடுப்பவர்கள் பார்க்கிற எண்ணும் வேறு வேறு. அந்த எண் எப்படி உண்டாகிறது, அதை வைத்து வாய்ப்பை எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. நம்மைப் போல இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் கூடுதலாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிகிற நேரத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடிந்த பிறகு தெரிந்து பிரயோஜனமில்லை.

முதலில் மார்க். கேரளத்தில் 2025 எஸ்எஸ்எல்சி தேர்வை நாலேகால் லட்சம் பேர் எழுதினார்கள், அதில் 61 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஃபுல் ஏ பிளஸ், அதாவது எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். ஏழு பேரில் ஒருவர். பிள்ளை உழைத்து வாங்கியதுதான், சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் அந்த ஏ பிளஸ் "இந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது" என்று மட்டும்தான் சொல்கிறது, "இந்தப் பிள்ளைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்" என்று சொல்வதில்லை. ஆயிரம் இடம் இருக்கிற ஒரு வரிசையில் நீங்கள் 999-ஆவது ஆளா 1,001-ஆவது ஆளா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர்தான் ரேங்க்.

பெர்சன்டைல் என்ற சொல்லில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். இன்ஜினியரிங்குக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் பல நாட்களில், பல ஷிஃப்ட்டுகளில் நடக்கும், ஒரு ஷிஃப்ட் வினாத்தாள் கடினமாகவும் இன்னொன்று சுலபமாகவும் இருக்கலாம் என்பதால் 300-க்கு எத்தனை மார்க் என்பதை நேராக ஒப்பிடாமல், உங்கள் ஷிஃப்ட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பார்த்து ஓர் எண் கொடுக்கிறார்கள். அதுதான் பெர்சன்டைல். 99 என்று வந்தால் வீடே கொண்டாடும். 2025-இல் ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். 99 பெர்சன்டைல் என்றால் அதில் ஒரு சதவீதம் பேர், அதாவது 14 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள், முன்னால் இருக்கிறார்கள். 95 என்றால் 70 ஆயிரம் பேருக்கு மேல். 99.9 என்றால் 1,400 பேர் சொச்சம். 95-க்கும் 99-க்கும் நடுவில் நாலு புள்ளிதான் இருக்கிறது என்று தோன்றும், அந்த நாலு புள்ளிக்குள் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நிற்கிறார்கள்.

ஒரே மார்க் ஒரு வருடத்தில் ஒன்றாகவும் அடுத்த வருடத்தில் வேறாகவும் ஆகும் என்பதற்கு நீட் நல்ல உதாரணம். 2024 நீட்டில் திருத்திய பட்டியலின்படியே 17 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள், 600 மார்க் எடுத்தவர்களின் ரேங்க் பல பத்தாயிரங்களில் போய் விழுந்தது. 2025-இல் வினாத்தாள் கடினம், முதல் மார்க்கே 686, 600-க்கு மேல் எடுத்தவர்கள் நாடு முழுக்கச் சேர்த்து சுமார் 1,300 பேர்தான். அதே 600, ஒரு வருடம் அரசு மருத்துவக் கல்லூரிக்கே திண்டாட்டம், அடுத்த வருடம் பெரிய பெரிய கல்லூரிகள் கைக்கெட்டும் தூரத்தில். அதனால் "போன வருஷம் எங்க அக்கா பையன் இவ்வளவு மார்க் எடுத்து உள்ளே போனான்" என்ற கணக்கு வேண்டாம். மார்க்கை விட்டுவிட்டு ரேங்க்கைக் கேளுங்கள், போன வருடத்து ரேங்க் இந்த வருடமும் ஓரளவுக்குப் பேசும்.

ஃபிளெக்ஸ் போர்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் ஐஐடி குவாலிஃபைடு" என்று பயிற்சி மையங்கள் போடுகின்றன. ஜேஇஇ மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேர் ஐஐடிக்கான அடுத்த தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதலாம். அதை எழுதி 2025-இல் குவாலிஃபை ஆனவர்கள் 54 ஆயிரத்துக்கும் மேல். 23 ஐஐடிகளிலும் சேர்த்து அந்த வருடம் இருந்த இடங்கள் 18,160. போர்டில் படம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஐஐடியில் இடம் கிடைத்திருக்காது. பணம் கட்டுவதற்கு முன்னால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்த ஐஐடியில், எந்தத் துறையில் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் மையத்தில் யோசித்துச் சேருங்கள்.

சரி, 18 ஆயிரத்தை 14 லட்சத்தால் வகுத்தால் நூற்றுக்கு ஒன்றேகால் வருகிறது, அப்போது என் பிள்ளையின் வாய்ப்பு ஒன்றேகால் சதவீதமா? இல்லை. அது 14 லட்சம் பேரின் சராசரி, அந்தச் சராசரிக்கு எந்த ஒரு பிள்ளையும் சொந்தமில்லை. பல மாதிரித் தேர்வுகளில் தொடர்ச்சியாக முதல் ஐந்தாயிரத்துக்குள் வருகிற மாணவிக்கு ஏதாவது ஓர் ஐஐடி ஏறக்குறைய நிச்சயம். தொடர்ச்சியாக ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் வருகிற மாணவனுக்குப் பொதுப்பிரிவில் ஐஐடி வாய்ப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவனுக்கு வேறு நல்ல கல்லூரிகள் உண்டு. உண்மையில் "வாய்ப்பு" என்று பேச வேண்டியது நடுவில் இருப்பவர்களுக்குத்தான், கடைசி ரேங்க்குக்குச் சற்று முன்னும் பின்னும் நிற்கிறவர்களுக்கு. அவர்களுக்கு ஒரு கேள்வியின் நாலு மார்க் பல நூறு ரேங்க்கைப் புரட்டிப் போடும்.

இனி எல்லைப்புறத்து விஷயம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஐஐடியில் மாநில வரிசை கிடையாது. பாலக்காடு ஐஐடி 2015-இல் வந்தது, வாளையார் தாண்டினால் கஞ்சிக்கோட்டில் இருக்கிறது, பஸ்ஸில் போனால் கண்ணில் படும். "நம்ம ஊர் ஐஐடி, நம்ம புள்ளைகளுக்குத் தனியா சீட் இருக்குமுங்களே?" என்று கேட்கிறவர்கள் நிறைய. ஒரு சீட்டும் கிடையாது. அதே வருடம் ஆந்திராவில் ஏர்ப்பேடு பக்கம் வந்த திருப்பதி ஐஐடியிலும் புத்தூர், நகரி, சித்தூர்ப் பிள்ளைகளுக்குத் தனி இடம் இல்லை. பாட்னாவில் இருக்கிற பையனும் கஞ்சிக்கோட்டில் இருக்கிற பையனும் ஒரே வரிசை.

மத்திய அரசின் இன்னொரு வகை இன்ஜினியரிங் கல்லூரியான என்ஐடி அப்படியில்லை. ஒவ்வோர் என்ஐடியிலும் பாதி இடம் அந்த மாநிலத்துக்காரர்களுக்கு, பாதி மற்ற மாநிலத்தவர்களுக்கு. இங்கே யார் எந்த மாநிலத்துக்காரர் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பிறந்த ஊர், ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, தாய்மொழி எதையும் பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முதன்முதலாக எந்த மாநிலத்துப் பள்ளியில் தேறினீர்களோ அதுவே உங்கள் மாநிலம். பின்னால் இம்ப்ரூவ்மென்ட் வேறு மாநிலத்தில் எழுதினாலும் மாறாது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறையில் ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி பாலக்காட்டுச் சித்தூரில் பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கு ஹோம் ஸ்டேட் கேரளம், கோழிக்கோடு என்ஐடியின் பாதி இடங்களில் அவள் கேரளத்து வரிசையில் நிற்பாள். இன்னொருத்தி தினமும் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய்ப் படிக்கிறாள், அவளுக்கு ஹோம் ஸ்டேட் தமிழ்நாடு, திருச்சி என்ஐடியின் தமிழ்நாட்டு வரிசை அவளுக்குத் திறக்கும், கோழிக்கோட்டில் அவள் வெளிமாநிலத்துக்காரி. வீடு மாறவில்லை, ரேஷன் கார்டு மாறவில்லை, பள்ளிக்கூடம் மட்டும்தான் மாறியது. மறையூர்ப் பிள்ளை உடுமலைக்குப் போனாலும், குமுளிப் பிள்ளை கம்பத்துக்குப் போனாலும், நகரிப் பிள்ளை திருத்தணிக்குப் போனாலும் இதே கதைதான். பயிற்சிக்காக விஜயவாடாவுக்கு அனுப்பி அங்கேயே இன்டர் (ஆந்திராவின் பிளஸ் டூ) முடிக்க வைத்தால் பிள்ளைக்கு ஹோம் ஸ்டேட் ஆந்திரா, அதாவது தாடேபள்ளிகூடத்தில் இருக்கிற ஆந்திர என்ஐடி. பல குடும்பங்கள் இதை அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒரு முறை அக்ஷயா சென்டரில் (கேரளத்தின் இணையச் சேவை மையம்) ஜேஇஇ படிவம் நிரப்பும்போது பக்கத்தில் இருந்தேன். பொள்ளாச்சியில் படிக்கிற பெண், கூட அப்பா. பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் மாநிலம் எது என்ற கட்டம் வந்தது. "நாம கேரளாக்காரங்கதான கண்ணு, கேரளான்னே போடு" என்றார் அப்பா. அந்தப் பெண் மவுஸைக் கையில் வைத்துக்கொண்டே, "இல்லப்பா, இது ஸ்கூல் எங்க இருக்குன்னு கேக்குது, நாம எங்க இருக்கோம்னு கேக்கல" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கட்டத்தில் தப்பாகப் போட்டுவிட்டால் கவுன்சிலிங்கில் சான்றிதழ் சரிபார்க்கும்போது சிக்கல், கிடைத்த இடமே கைவிட்டுப் போகலாம்.

அப்படியானால் எல்லோரும் பிளஸ் ஒன்னுக்குப் பொள்ளாச்சிக்குப் போய்விடலாமா என்றால், அவசரப்பட வேண்டாம். மாநில அரசு நடத்துகிற சேர்க்கைகளில் விதிகள் வேறு. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் நுழைவுத் தேர்வு கிடையாது, கணக்கு 100-க்கும், இயற்பியல் 50-க்கும், வேதியியல் 50-க்கும் மாற்றி மொத்தம் 200-க்கு கட் ஆஃப் போடுகிறார்கள். அதில் பூர்வீகம் பார்ப்பார்கள். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம், பிள்ளை மட்டும் கேரளத்தில் படித்தது என்றால் இருப்பிடச் சான்றிதழ் கொடுத்து விண்ணப்பிக்கலாம். கேரளத்துக் குடும்பம், பிள்ளை எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்தது என்றால் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப்பிரிவில் மட்டும், சாதி ஒதுக்கீடு கிடைக்காது. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் எல்லை தாண்டிய கேரளத்துப் பிள்ளைக்குத் திருச்சி என்ஐடியின் தமிழ்நாட்டு வரிசை உண்டு, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போகிற தமிழ்நாட்டுக் கவுன்சிலிங் வரிசை இல்லை. இரண்டும் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது என்று கேட்டால், இரண்டின் விதிகளையும் எழுதியவர்கள் வேறு வேறு என்பதுதான் பதில்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஏக்கத்தோடு கேட்பார்கள். மருத்துவத்தில் 2020-லிருந்தும் இன்ஜினியரிங்கில் அதற்கு அடுத்த வருடத்திலிருந்தும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு வாழ்க்கை கொடுத்த திட்டம் அது. ஆனால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மூணாறில், தேவிகுளத்தில், பாலக்காட்டின் சித்தூர்த் தாலுகாவில் கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் அதே தமிழில் படிக்கிற பிள்ளைக்கு அது பொருந்தாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்து படித்து வருகிற பிள்ளையின் கஷ்டம் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்பது என் திடமான எண்ணம். அதுவரை கிடைக்காது என்று தெரிந்துகொண்டு திட்டமிடுவதுதான் பிள்ளைக்கு நல்லது.

கேரளத்தில் மாநில அரசு நடத்துகிற நுழைவுத் தேர்வுக்குப் பெயர் கீம். அங்கே நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேர்த்து இன்ஜினியரிங் ரேங்க் போடுகிறார்கள். சேர்க்கிற முறை மாறினாலே ரேங்க் மாறும். 2025 ஜூலையில் பட்டியல் வெளியான பிறகு புதிய கணக்கு முறையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, பழைய முறைப்படி மறுபடியும் பட்டியல் போட்டார்கள், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பலர் ஒரே ராத்திரியில் பின்னால் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எழுதிய விடைத்தாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால் விண்ணப்பிக்கிற வருடத்தின் விளக்கக் குறிப்பேட்டில் கணக்கிடும் முறையைப் பெற்றோரும் உட்கார்ந்து படிக்க வேண்டும், "போன வருஷம் மாதிரிதான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

ஆந்திரப் பக்கத்துக்காரர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 371-டி பிரிவு இருக்கிறது. 1974-ஆம் வருட குடியரசுத் தலைவர் ஆணைப்படி மாநிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, 85 சதவீத இடங்களை அந்தந்தப் பகுதி மாணவர்களுக்கு ஒதுக்குகிறார்கள். சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் எல்லாம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதி. உள்ளூர் மாணவர் என்று சொல்ல, தகுதித் தேர்வு வரை தொடர்ச்சியாக நாலு வருடம் அந்தப் பகுதியில் படித்திருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டு வருடம் மட்டும் திருத்தணிக்கோ காட்பாடிக்கோ போய்ப் படித்து வந்தால் இதில் இடி விழ வாய்ப்புண்டு.

மருத்துவத்தில் இந்த விஷயம் இன்னும் கனமானது, ஏனென்றால் மாநில அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம்தான், மீதி 85 சதவீதமும் அந்தந்த மாநிலத்தவருக்கு. டாக்டர் ஆக வேண்டும் என்ற பிள்ளைக்கு எந்த மாநிலத்தின் 85-இல் நிற்கப் போகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். பூர்வீகமே இல்லாத மாநிலத்தில் பள்ளியை மட்டும் மாற்றிவிட்டு, கடைசியில் இரண்டு பக்கத்து அலுவலகங்களுக்கும் அலைவது கொடுமை.

சாதிச் சான்றிதழ் விஷயமும் எல்லையில்தான் அதிகம் இடிக்கும். பட்டியல் சாதிகளை மாநிலவாரியாகத்தான் அறிவித்திருக்கிறார்கள். ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் இன்னொரு மாநிலத்தில் மாநில ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பட்டியல் சாதிகளை அறிவித்த முதல் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. அதற்கு முன்பே தாத்தா கொள்ளுத்தாத்தா கேரளத்தில் குடியிருந்தார்கள் என்று காட்டச் சொல்லி, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பழைய காகிதம் தேட வைக்கிறார்கள். இது விண்ணப்பிக்கிற மாதத்தில் தொடங்குகிற வேலையில்லை, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்குப் பூர்வீக மாநிலத்துச் சான்றிதழின் அடிப்படையிலேயே பட்டியல் சாதி ஒதுக்கீடு கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. கேரளச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதற்காகப் பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிட்ட பிள்ளைகள் உண்டு.

அடுத்தது, குளோசிங் ரேங்க் பட்டியலைப் படிப்பது. ஐஐடி, என்ஐடி கவுன்சிலிங்கை நடத்துகிற ஜோசா, ஒவ்வொரு வருடமும் எந்தக் கல்லூரியில் எந்தத் துறையில் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்க் என்ன என்று வெளியிடுகிறது. ஒரு வரியில் கல்லூரி, துறை, கோட்டா, பிரிவு, பாலினம், முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்று இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் கல்லூரியையும் கடைசி ரேங்க்கையும் மட்டும் பார்த்துவிட்டு நடுவில் இருக்கிற மூன்றையும் விட்டுவிடுகிறார்கள், விஷயமே அந்த மூன்றில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்குப் பொள்ளாச்சியில் படித்த அந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். ஓபிசி (பிற வகுப்பினர்) பிரிவு, ஜேஇஇ மெயினில் பொது ரேங்க் 18 ஆயிரம், ஓபிசி பிரிவு ரேங்க் 5,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி என்ஐடியில் ஏதாவது ஒரு துறையில் அவள் நான்கு வரிசையில் ஒரே நேரத்தில் நிற்கிறாள்: ஹோம் ஸ்டேட் பொதுப்பிரிவில் எல்லோருக்குமான வரிசை, பெண்களுக்கான வரிசை, ஓபிசியில் எல்லோருக்குமானது, ஓபிசியில் பெண்களுக்கானது. 2018-இலிருந்து ஐஐடிகளிலும் என்ஐடிகளிலும் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கியிருக்கிறார்கள், இப்போது அது 20 சதவீதம். அந்த வரிசையில் கடைசி ரேங்க் பெரும்பாலும் நன்றாகவே தள்ளிப் போயிருக்கும். பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோருக்குமான வரியை மட்டும் பார்த்துவிட்டு மனம் தளர்ந்துவிடக் கூடாது. இன்னொன்று, ஓபிசி வரியில் அச்சாகியிருக்கிற எண் ஓபிசி பிரிவு ரேங்க். அதோடு 5,500-ஐத்தான் ஒப்பிட வேண்டும், 18 ஆயிரத்தை அல்ல. ஐஐடிகளுக்கு மெயின் ரேங்க் செல்லாது, அட்வான்ஸ்டு ரேங்க் வேறு. மூன்று வருடத்தின் கடைசிச் சுற்றை எடுத்துப் பார்த்தால் ஒரு நிலவரம் புரியும். மூன்று வருடமும் உங்கள் ரேங்க் உள்ளே என்றால் நம்பலாம், மூன்று வருடமும் வெளியே என்றால் ஆசைக்கு ஒன்றிரண்டு போட்டுவைக்கலாம்.

ஆசைக்குப் போடலாமா என்றால் தாராளமாகப் போடலாம். "மேலே பெரிய காலேஜைப் போட்டா கீழே இருக்கிறது கைவிட்டுப் போயிரும்" என்று ஒரு பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது தவறு. நீங்கள் எழுதிய பட்டியலின் மேலிருந்து கணினி ஒவ்வொன்றாகப் பார்க்கும், முதலில் எழுதியது கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதுக்குப் போகும், அங்கே உங்களைவிடப் பின்னால் இருக்கிற ஒருவர் அதை முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும் ரேங்க் நல்லதாக இருப்பதால் இடம் உங்களுக்குத்தான். ஆகவே உண்மையான விருப்ப வரிசையில் எழுதுங்கள், சாமர்த்தியம் பண்ண வேண்டியதே இல்லை. இடம் கிடைத்த பிறகு இதுவே போதும் என்றால் ஃபிரீஸ், அதே கல்லூரியில் மேல் துறை வேண்டும் என்றால் ஸ்லைடு, பட்டியலில் மேலே இருக்கிற எதுவானாலும் சரி என்றால் ஃபுளோட். ஃபுளோட்டில் மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழையது போய்விடும் என்பதால், போக மனமில்லாத கல்லூரியை மேலே எழுதிவைக்காதீர்கள்.

பத்து என்ஐடியை எழுதினால் வாய்ப்பு பத்து மடங்காகாது, பத்துக்கும் அதே ஒரு ரேங்க்தான். வாய்ப்பு உண்மையில் கூடுவது தனித் தேர்வு நடத்துகிற இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது. திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் இருக்கிற ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐஏடி என்று தனித் தேர்வு, கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கிலும் 15 கேள்விகள். கணக்கில் பைத்தியமாக இருக்கிற பிள்ளைக்குச் சென்னைக் கணிதவியல் நிறுவனமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் தனித்தனியே நுழைவுத் தேர்வு வைக்கின்றன. ஜேஇஇ அன்று காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இவை புதிய வரிசைகள். நம் பக்கத்தில் இந்தப் பெயர்களே அதிகம் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், இன்ஜினியரிங், டாக்டர் தாண்டி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கலைப் படிப்புகளிலும் இதே கதைதான். 2021 வரை டெல்லிப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுத்தது, அந்த வருடம் சில படிப்புகளில் கட் ஆஃப் நூற்றுக்கு நூறு, கேரள போர்டில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பெருமளவில் உள்ளே போனார்கள். அடுத்த வருடமே க்யூட் நுழைவுத் தேர்வு வந்து அந்தக் கணக்கு மாறியது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ., பி.எஸ்சி. படிக்க நினைக்கிறவர்கள் இப்போது க்யூட்டுக்குத் தயாராக வேண்டும், அதைத் தமிழிலும் எழுதலாம்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அங்கே ரேங்க் பட்டியல் கிடையாது. மார்க், கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரை, பள்ளிக்கு வெளியே செய்தது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், ஹார்வர்டில் விண்ணப்பிப்பவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான் இடம். வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் முடிவு செய்து, தேவையான உதவி முழுவதையும் தருகிற ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி மாதிரி இடங்கள் ஒரு கைப்பிடிதான். முதல் மாணவியாக இருந்தாலும் யாராலும் வாய்ப்பைக் கணித்துச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று கட்டணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. ஜேஇஇ மெயினும் நீட்டும் தமிழில் எழுதலாம், ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில்தான் கொடுப்பார்கள். கேரள மையங்களில் மலையாளம், ஆந்திர மையங்களில் தெலுங்கு. மூணாறிலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருந்துகொண்டு தமிழில் எழுத வேண்டும் என்றால் விண்ணப்பிக்கும்போதே மொழியையும் மையத்தையும் சேர்த்துப் பார்த்துக் கோயம்புத்தூர், தேனி என்று தேர்வு செய்ய முடிகிறதா என்று கவனியுங்கள். ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். ஐஐடி கனவு இருக்கிற தமிழ்வழிப் பிள்ளை பிளஸ் ஒன்னிலிருந்தே அறிவியல் சொற்களை ஆங்கிலத்திலும் சேர்த்துப் படித்துவர வேண்டும், கடைசி மாதத்தில் அது முடியாது.

ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி எழுதலாமா என்றும் கேட்பார்கள். அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருடங்களில்தான் எழுத முடியும், பிளஸ் டூ எழுதுகிற வருடமும் அதற்கு அடுத்த வருடமும். கடைசி ரேங்க்குக்குப் பக்கத்தில் வந்து தவறவிட்ட பிள்ளை, தானே விரும்பிக் கேட்டால் விடுங்கள். அப்பா அம்மா ஆசைக்காக வேண்டாம். பிளஸ் டூவில் 75 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 65 சதவீதம், இல்லையென்றால் அந்த போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, நுழைவுத் தேர்வுக்காகப் பள்ளிப் பாடத்தை அடியோடு விட்டுவிட்ட பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாகச் சான்றிதழ்கள். ஓபிசி நான்-கிரீமிலேயர் (வசதி வரம்பைத் தாண்டாத ஓபிசி குடும்பங்களுக்கான) சான்றிதழும் பொருளாதாரத்தில் பின்தங்கியோர் சான்றிதழும் சேர்கிற வருடத்தின் ஏப்ரல் 1-க்கோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும், மார்ச் 30 தேதி போட்டிருந்தால் ஜோசாவில் செல்லாது. மாநிலச் சேர்க்கைக்கு வில்லேஜ் ஆபீசில் கொடுக்கிற காகிதம் ஐஐடிக்குப் போதாது, மத்திய அரசு மாதிரிப் படிவத்தில் தாசில்தார் கையெழுத்தோடு வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் உங்கள் மாநிலத்தின் பெயருக்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பது கேரளப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஜூன் மாதம் தாலுகா ஆபீசில் கூட்டம் அலைமோதும், ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.